ஒரே பெஞ்சில் இரண்டு முதுகுகள்

"ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தோம் தங்கச்சி. தோளோட தோள் இடிச்சுக்கிட்டு. வண்டி தூக்கி அடிச்சதும் அவன் தானா கதவத் தெறந்து எறங்கிட்டான். எனக்கு இடுப்புக்குக் கீழ எதுவுமே தெரியல. அது ஏன்?"

என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஓய்வு பெற்ற ராணுவ வீரர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்பு கேட்ட கேள்வி இது. நான் பிசியோதெரபிஸ்ட். முதுகெலும்பு அடிபட்டவர்களோடுதான் என் வேலை நாளின் பெரும்பகுதி போகிறது. மாடியிலிருந்து விழுந்தவர்கள், பைக்கில் அடிபட்டவர்கள் என்று பலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கண்ணிவெடியில் சிக்கிய கவச வண்டிக்குள் இருந்தவர் எனக்கு அவர்தான் முதல் ஆள். விதி, கடவுள் சித்தம், அவன் நேரம் நல்லா இருந்தது என்று பலர் அவருக்குப் பதில் சொல்லியிருந்தார்கள். அவருக்கு அதில் எதுவும் போதவில்லை.

நான் திருப்பி ஒன்றைக் கேட்டேன். அந்த நொடியில் எப்படி உட்கார்ந்திருந்தீர்கள்? அவர் சிகிச்சைக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து வந்து, இரண்டு முழங்கைகளையும் தொடைமேல் ஊன்றி, முதுகைக் கூன் போட்டு, தலையைத் தொங்கவிட்டுக் காட்டினார். பல மணி நேரப் பயணம், அரைத் தூக்கம், முதுகில் தண்ணீர்ப்பை. பின்னால் சாய முடியாது. பெல்ட் மாட்டவில்லை, ஏனென்றால் குண்டு துளைக்காத உடுப்பின் மேல் அது எட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர்? அவர் பையைக் கழற்றிக் காலடியில் வைத்துவிட்டு, வண்டிச் சுவரில் முதுகை ஒட்டவைத்து, எதிர்ப்பக்கக் கண்ணாடிச் சதுரம் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அன்று இரவிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். வெடிக்கு யார் எவ்வளவு பக்கத்தில் இருந்தார், தரை எந்த இடத்தில் அதிகமாக மேலே வளைந்தது, யாருடைய எலும்பு எவ்வளவு கெட்டி, இப்படிப் பல விஷயங்கள் சேர்ந்துதான் ஒருவரின் காயத்தை முடிவு செய்கின்றன. ஆகவே அவர் குனிந்திருந்ததால்தான் எலும்பு உடைந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உட்கார்ந்த விதம் அந்தக் கணக்கில் பெரிய பங்கு வகிக்கிறது என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு ஆள் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பெரும்பாலும் அவருடைய சீட்டும் சுமையும் முடிவு செய்கின்றன, அவருடைய ஒழுக்கத்துக்கு அதில் இடம் ரொம்பக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டிக்கு அடியில் வெடித்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சினிமாவில் வருவது போல நெருப்பு உள்ளே புகுந்து எரிப்பது வேறு விஷயம். அடித்தகடு கிழியாமல் தாங்கிவிட்டாலும் உள்ளே இருப்பவர் உடைந்துபோக முடியும். வெடித்து ஓரிரு மில்லி விநாடிக்குள் வண்டியின் அடித்தகடு மேல்நோக்கி வளைகிறது. அந்தத் தரையில் பாதம் பதிந்திருந்தால் முதல் அடி குதிகாலுக்கும் கணுக்காலுக்கும். பத்து மில்லி விநாடிக்குள் கீழ்க்கால் எலும்பு தன் சுமையின் உச்சத்தை ஏறக்குறைய பார்த்துவிடுகிறது. அதற்குள் வண்டி முழுவதுமே மேலே கிளம்ப ஆரம்பிக்க, சீட் இடுப்பெலும்பை உதைக்கிறது. இடுப்பு மேலே போகிறது, ஆனால் மார்பும் தலையும் கைகளும் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. நடுவில் மாட்டிக்கொள்வது முதுகெலும்பு. சுமார் பத்திலிருந்து நாற்பது மில்லி விநாடிக்குள் அதன் கதை முடிந்துவிடுகிறது.

ஒருமுறை கண் இமைக்கவே நூறு மில்லி விநாடிக்கு மேல் ஆகும். ஆகவே 'சத்தம் கேட்டதும் நிமிர்ந்திருக்கலாமே' என்ற பேச்சுக்கே இடமில்லை. சத்தம் மூளைக்குப் போய், மூளை தசைக்கு உத்தரவு கொடுத்து, தசை இறுகுவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். வெடிக்கு முந்தைய கணத்தில் எப்படி இருந்தீர்களோ அந்த உடம்போடுதான் அடியை வாங்குகிறீர்கள். தற்செயலாகக் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தால் அதுதான் உங்கள் நிலை.

அப்புறம் இரண்டாவது அடி ஒன்று இருக்கிறது. தூக்கி எறியப்பட்ட வண்டி திரும்பக் கீழே விழும். முப்பது சென்டிமீட்டர் உயரம் எழும்பியது என்று வைத்துக்கொண்டால், ஏறி இறங்க ஏறக்குறைய அரை விநாடி. அந்த அரை விநாடியும் பெல்ட் போடாதவர் உள்ளே மிதக்கிறார். தலை கூரையில் முட்டலாம், அப்படி முட்டினால் கழுத்தெலும்புக்கு நேர் அழுத்தம். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தபடியோ, ஒரு புட்டத்தில் மட்டுமோ, முறுக்கிய முதுகோடோ வந்து விழுவார். இந்த இரண்டாவது விழுதலில் எந்த நிலையில் இருப்பார் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இப்போது முதுகெலும்புக்கு வருகிறேன், இது என் இடம் என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

நிற்கும்போது நம் கீழ்முதுகில் உள்நோக்கி ஒரு வளைவு இருக்கும். உட்கார்ந்ததும் அது குறைகிறது. தொடையின் பின்பக்கத் தசைகள் இழுக்க, இடுப்பெலும்பு பின்னால் உருள்கிறது, அதோடு சேர்ந்து கீழ்முதுகு தட்டையாகிறது. இன்னும் கூன் போட்டால் வளைவு தலைகீழாகி வெளிப்பக்கம் புடைக்கும். முள்ளெலும்பு ஒவ்வொன்றும் முன்னால் ஒரு கட்டியான உருளை, பின்னால் ஒரு வளையம், அந்த வளையத்தில் இரண்டு பக்கமும் சிறு மூட்டுகள் என்ற அமைப்பு. நிமிர்ந்து இருக்கும்போது பின்பக்கச் சிறு மூட்டுகளும் எடையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. குனிந்ததும் அவை விலகிப் பிரிந்துவிடும், எடை மொத்தமும் முன்பக்க உருளையின் மேல் விழும், அதிலும் குறிப்பாக அதன் முன் விளிம்பில்.

ஒன்றுமே வெடிக்காத சாதாரண நேரத்திலேயே இந்த வித்தியாசத்தை அளந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கேவும் அவருடைய குழுவினரும் ஒரு தன்னார்வலரின் கீழ்முதுகு டிஸ்க்குக்குள், அதாவது இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தைக்குள், அழுத்தமானியைச் செருகி, 1999-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தளர்வாக நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். உட்கார்ந்து முழுக்க முன்னால் குனிந்தபோது 0.83. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவுதான், ஆனால் என் நோயாளிகளிடம் தினமும் சொல்லும் அறிவுரைக்கு அது ஒத்துப்போகிறது. குனிந்து உட்கார்ந்திருக்கும் வீரரின் டிஸ்க் வெடிக்கு முன்பே கூடுதல் அழுத்தத்தில் இருக்கிறது, அடி அதற்கு மேல் வந்து சேர்கிறது.

உடையும் விதமும் நிலைக்கு ஏற்ப மாறுகிறது. முன்னால் வளைந்த முதுகில் அடி விழுந்தால் உருளையின் முன்பக்கம் நசுங்கி, எலும்பு ஆப்பு வடிவத்துக்கு மாறும். வளைவு இன்னும் கடுமையாக இருந்து பின்பக்கம் இழுபட்டால், எலும்பும் தசைநார்களும் பின்னாலிருந்து முன்னால் கிழிந்து பிளக்கும். இதற்குச் சான்ஸ் முறிவு என்று பெயர், 1948-ல் இதை விவரித்த ஜார்ஜ் குவென்டின் சான்ஸ் என்ற மருத்துவரின் பெயர் அது. கார்களில் வயிற்றுப் பெல்ட் மட்டும் போட்டிருந்த காலத்தில் இதை நிறையப் பார்த்தார்கள். ஆப்கானிஸ்தானில் வெடியில் சிக்கிய வண்டிகளில் இருந்த வீரர்களைப் பற்றி 2009-ல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை, இந்த வளைந்து கிழியும் வகை முறிவு வழக்கத்தைவிட மிக அதிகமாக இருப்பதாகச் சொன்னது. அதைப் படித்தபோது என் நோயாளி கட்டில் ஓரத்தில் குனிந்து காட்டியதுதான் கண் முன்னால் வந்தது. சி.டி. ஸ்கேனைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் விரிந்திருந்தது.

நேராக உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். நேரான முதுகில் பலம் தாண்டிய அடி விழுந்தால், டிஸ்க்கின் நடுக்கூழ் எலும்புக்குள் அழுந்தி, உருளை எல்லாப் பக்கமும் நொறுங்கும். அதன் துண்டுகள் பின்னால் தள்ளப்பட்டுத் தண்டுவடம் போகும் குழாயை அடைக்கும். பர்ஸ்ட் முறிவு என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான், கண்ணிவெடிக் காயங்களில் இதுவும் நிறைய. வித்தியாசம் என்னவென்றால் நேரான முதுகு உடைவதற்கு அதிக அடி தேவைப்படுகிறது.

எவ்வளவு அதிகம்? இதற்கு ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சோதனையைக் கண்டுபிடித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அமெரிக்காவின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் யூயிங், கிங், பிரசாத் மூவரும் தானமாக வந்த சடலங்களை சீட்டில் கட்டி மேல்நோக்கி உந்தினார்கள், 1972-ல் முடிவுகள் அச்சாகின. மூன்று நிலைகள். ஒன்றில் முதுகு முன்னால் வளைந்திருந்தது. இன்னொன்றில் நேராக இருந்தது. மூன்றாவதில் முதல் இடுப்பு முள்ளெலும்புக்குப் பின்னால் ஒரு கட்டையை வைத்து முதுகைப் பின்னால் வளைத்திருந்தார்கள். எலும்பு உடையத் தொடங்கிய சராசரி முடுக்கம் வளைந்த முதுகுக்கு 9 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பின் முடுக்கம்), நேரான முதுகுக்கு 10.4 ஜி, பின்னால் வளைத்த முதுகுக்கு 17.75 ஜி. முதுகுக்குப் பின்னால் ஒரு கட்டை வைத்ததற்கு, குனிந்த முதுகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்கும் சக்தி! காரணம் மேலே சொன்ன சிறு மூட்டுகள்தான், பின்னால் வளையும்போது அவை ஒன்றோடொன்று அழுந்தி எடையைப் பகிர்ந்துகொள்கின்றன. சடலங்கள் பெரும்பாலும் வயதானவர்களுடையவை என்பதால் அந்த ஜி எண்களை அப்படியே இளம் வீரருக்குப் பொருத்தக்கூடாது. நான் பார்ப்பது அவற்றுக்கு இடையிலான விகிதத்தைத்தான். வெடியின் உந்தல் இந்தச் சோதனையில் கொடுத்ததைவிட ரொம்ப வேகமானது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தச் சோதனை நடந்தது போர் விமானிகளுக்காக. சீட்டோடு சேர்த்து விமானியை வெளியே வீசும் இஜெக்ஷன் சீட்டை ஜெர்மனியில் 1942 ஜனவரியிலேயே ஒரு விமானி உயிர் பிழைக்கப் பயன்படுத்திவிட்டார். அதற்குப் பிறகு பல நாடுகளிலும் விமானிகளின் முதுகு உடைவதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. அதனால்தான் விமானிக்குச் சொல்லித்தருகிறார்கள்: புட்டத்தைச் சீட்டின் பின்மூலை வரை தள்ளு, தலையைப் பின்னால் ஒட்டு, முகவாயைத் தூக்கு, பிறகு கைப்பிடியை இழு. பல சீட்டுகளில் கைப்பிடியை இழுத்ததும் தோள்பட்டைப் பெல்ட்டே அவரைப் பின்னால் இழுத்து நிமிர்த்திவிடும், அதற்குப் பிறகுதான் சீட் கிளம்பும். விமானி நேரத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறார், அந்த நேரத்துக்கு முதுகைத் தயார் செய்துகொள்கிறார். வண்டியில் போகும் வீரருக்கு இந்த இரண்டில் எதுவுமே கிடையாது. இதை நான் நினைக்க நினைக்க மனசு கனக்கிறது.

ஆனால் வண்டிகளைச் சோதிக்க நாம் இன்னும் பயன்படுத்தும் முதுகெலும்பு அளவுகோல், விமானிகளுக்காக 1960-களில் உருவாக்கியதுதான். டைனமிக் ரெஸ்பான்ஸ் இண்டெக்ஸ், டி.ஆர்.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மேல் உடம்பை ஒரு எடையாகவும் முதுகெலும்பை ஒரு ஸ்பிரிங்காகவும் வைத்துக்கொண்டு, கீழிருந்து உதைத்தால் ஸ்பிரிங் எவ்வளவு அழுந்தும் என்று கணக்குப் போடுவது. நேட்டோ நாடுகளின் வண்டிப் பாதுகாப்புத் தரத்தில் இந்த எண் 17.7-ஐத் தாண்டக்கூடாது. அந்த எண்ணில் முதுகெலும்புக்குக் கணிசமான காயம் ஏற்படும் வாய்ப்பு பத்து சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சோதனையில் வைக்கும் வெடிமருந்தின் அளவு அந்தத் தரத்தின் இரண்டாம் பாதுகாப்பு நிலைக்கு 6 கிலோ, மூன்றாம் நிலைக்கு 8, நான்காம் நிலைக்கு 10, எல்லாம் டி.என்.டி. கணக்கில்.

அளவுகோல் எளிமையானது, எளிமையாக இருப்பதால் பயன்பட்டது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் டி.ஆர்.ஐ.-க்கு உள்ளே போகும் ஒரே தகவல், சோதனைக்காக வீரருக்குப் பதிலாக உட்கார வைக்கும் பொம்மையின் இடுப்பில் பதிவாகும் மேல்நோக்கிய முடுக்கம். அதற்கு மேலே இருக்கும் முதுகு வளைந்திருந்ததா, நேராக இருந்ததா, முறுகியிருந்ததா என்று அந்தக் கணக்குக்குத் தெரியவே தெரியாது. என் நோயாளிக்கும் பக்கத்தில் இருந்தவருக்கும் இடுப்பில் ஒரே உதை விழுந்திருந்தால் இருவருக்கும் ஒரே எண்தான் வரும். 2015-ல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் சிலர் ஆப்கானிஸ்தான் காயங்களையும் இஜெக்ஷன் காயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, முறிவுகள் விழும் இடமும் விதமும் வேறாக இருப்பதால் இந்த அளவுகோல் வெடிக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகவே எழுதினார்கள்.

சோதனைப் பொம்மையின் கதையும் இதேதான். பெரும்பாலும் பயன்படுவது ஹைப்ரிட் III, கார் முன்னால் மோதுவதைச் சோதிக்கச் செய்தது. அதன் கீழ்முதுகு ஒரு ரப்பர் உருளை. கீழிருந்து செங்குத்தாக வரும் அடிக்கு மனித முதுகு போல அது நடந்துகொள்ளாது. அதனால்தான் அமெரிக்க ராணுவம் கீழிருந்து வரும் வெடிக்கென்றே வியாமன் என்ற புதுப் பொம்மையை உருவாக்கியது. நல்ல விஷயம். ஆனாலும் எந்தப் பொம்மையாக இருந்தாலும் சோதனையில் அதை உட்கார வைப்பது ஒழுங்காக, இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில், பெல்ட் இறுக்கமாக. எட்டு மணி நேரம் குலுங்கிக் களைத்துப்போனவர் உட்காரும் மாதிரி ஒரு பொம்மையை வைத்தும் வெடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

வண்டியின் உருவத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். ரொடீஷியாவிலும் (இன்றைய ஜிம்பாப்வே) தென்னாப்பிரிக்காவிலும் 1970-களில் அடிப்பாகத்தை ஆங்கில வி எழுத்துப்போல் செய்து, தரையிலிருந்து உயர்த்தி, வெடியைப் பக்கவாட்டில் சிதறவிட்டார்கள். கேஸ்பிர் என்ற தென்னாப்பிரிக்கக் கவச வண்டி அந்த வம்சம். 2007-க்குப் பிறகு அமெரிக்கா ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் ஆயிரக்கணக்கில் அனுப்பிய, கண்ணிவெடி தாங்கும் எம்ராப் வண்டிகளும் அதே யோசனைதான். இவை எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றின. முன்பு செத்துப்போயிருக்கக்கூடியவர்கள் உயிரோடு வந்தார்கள், அவர்களில் சிலர் உடைந்த முதுகோடு வந்தார்கள்.

அடுத்து வேலை செய்ய வேண்டியது சீட். ஒரு சின்னக் கணக்கு. வண்டியின் தரை விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மேலே கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து கீழே குதித்தால் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அது. உங்கள் உடம்பு அந்த வேகத்தை ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால் 127 ஜி. அதையே பத்து சென்டிமீட்டர் தூரத்தில் சீராக வாங்கிக்கொண்டால் 13 ஜி. அந்தப் பத்து சென்டிமீட்டர்தான் ஒருவர் நடப்பாரா மாட்டாரா என்பதற்கு நடுவில் இருக்கிறது. நவீன வெடி தாங்கும் சீட் இதைத்தான் செய்கிறது: அடி வந்ததும் ஒரு உலோகப் பட்டை நெளிந்து அல்லது கிழிந்துகொடுத்து, சீட் மெதுவாகக் கீழே இறங்கும். சீட்டைத் தரையில் பொருத்தாமல் சுவரிலோ கூரையிலோ தொங்கவிடுவதும் இதற்காகத்தான். காலையும் தரையில் வைக்கவிடாமல் சீட்டோடு சேர்ந்த கால்தாங்கியில் வைக்கச் சொல்வார்கள்.

சீட் இறங்க அடியில் இடம் வேண்டும் இல்லையா? வண்டிக்குள் எங்கே காலி இடம் தெரிகிறதோ அங்கே சாமான் ஏறிவிடும். தண்ணீர்ப் புட்டி, தோட்டாப் பெட்டி, தூங்கும் விரிப்பு எல்லாம் சீட்டுக்கு அடியில். அடி வரும்போது சீட் ஐந்து சென்டிமீட்டர் இறங்கித் தோட்டாப் பெட்டியில் நின்றுவிட்டால், அந்த நொடியில் அது சாதாரண மர பெஞ்ச்தான். இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அந்தக் காலி இடம் எதற்கு என்று சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

மெத்தையும் அப்படித்தான். முதுகு வலிக்கிறதே என்று தடியான மெத்தென்ற ஸ்பாஞ்சைப் போட்டுக்கொள்வது ஆபத்து. சீட் மேலே கிளம்பும்போது முதலில் ஸ்பாஞ்ச் அழுந்துகிறது, உடம்பு அசையாமல் இருக்கிறது. அதற்குள் சீட் முழு வேகம் பிடித்துவிடும். ஸ்பாஞ்ச் முழுக்க அமுங்கியதும் அந்த வேகத்தோடு சீட் இடுப்பில் வந்து இடிக்கும். வெறும் பலகையில் உட்கார்ந்திருந்ததைவிட மோசமாகிவிடும். இது எனக்குப் புதுத் தகவல், நானே பல பேருக்குத் தடியான மெத்தை சொல்லியிருக்கிறேன், வீட்டு நாற்காலிக்கு அது சரிதான், ஆனால் வெடி தாங்க வேண்டிய சீட்டில் இல்லை.

இதே சீட் எல்லா உடம்புக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. சராசரி எடைக்குச் சரிசெய்த சீட், எடை குறைந்தவர் உட்கார்ந்தால் நெளிந்துகொடுக்காமல் விறைப்பாக நிற்கும், அவருக்கு உதை அதிகம். ரொம்பக் கனமானவருக்கு அது சீக்கிரம் இறங்கி அடியில் போய் இடித்துவிடும். படையில் இருக்கும் பெண்களை நினைத்தால் இந்த இடம் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கடைசியாக, என்னை எல்லாவற்றையும் விட அதிகம் யோசிக்க வைத்தது, சுமை. இடுப்பு முள்ளெலும்புக்கு மேலே இருக்கும் உடம்பின் எடை சுமார் 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 15 ஜி உதையில் அது 600 கிலோ மாதிரி அழுத்தும். கவசத் தகடு, ஹெல்மெட், தோட்டா எல்லாம் சேர்ந்து இன்னொரு 15 கிலோ மேல் உடம்பில் தொங்கினால் 825 கிலோ. தகடுகளும் தோட்டாப் பைகளும் பெரும்பாலும் மார்பின் முன்னால் இருக்கின்றன. முதுகெலும்பிலிருந்து எடை எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு அது முதுகை மடக்கும். நிமிர்ந்தவருக்கு மூன்று சென்டிமீட்டர் முன்னால் இருக்கும் எடை குனிந்தவருக்கு ஒன்பது சென்டிமீட்டர் போய்விட்டால், அதே அடியில் மடக்கும் விசை மூன்று மடங்கு. ஹெல்மெட் போட்ட தலை தொங்கிக்கொண்டிருந்தால் கழுத்துக்கும் இதே கணக்கு.

இதில் எதையும் அந்த வீரர் தேர்ந்தெடுக்கவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த ஓர் ஆய்வு 2013-ல் வந்தது. வீரர்களைச் சாதாரண உடையிலும், கவச உடையிலும், முழுச் சுமையோடும் வண்டி சீட்டில் உட்கார வைத்து உடம்பின் நிலையை அளந்தார்கள். கவசம் ஏறியதும் இடுப்பு சீட்டில் முன்னால் நகர்ந்துவிடுகிறது. பின்புறத் தகட்டின் தடிமனே அவரைச் சீட் முதுகிலிருந்து தள்ளிவிடுகிறது. அதற்கும் மேல் ஒரு பை மாட்டியிருந்தால் சீட்டின் ஓரத்தில்தான் உட்கார முடியும். கீழ்முதுகுக்குப் பின்னால் வெறும் காற்று. அப்படிப்பட்டவரைப் பார்த்து 'நிமிர்ந்து உட்கார்' என்று கத்துவதில் என்ன பயன் இருக்கிறது? சில நிமிடம் நிமிர்வார். தசை களைத்ததும் கூன் தானாக வரும். என் சிகிச்சை அறையில் எந்தச் சுமையும் இல்லாதவர்களாலேயே இருபது நிமிடத்துக்கு மேல் சாய்மானம் இல்லாமல் நிமிர்ந்து இருக்க முடிவதில்லை, இதை நான் தினமும் பார்க்கிறேன்.

ஆகவே வேலை சீட் செய்பவர்களுடையது, உடுப்பு செய்பவர்களுடையது, இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். பையும் தகடும் உள்ளே போக முதுகுச் சாய்வில் பள்ளம் வேண்டும். அந்தப் பள்ளத்துக்குக் கீழே, கவசம் முடியும் இடத்தில், கீழ்முதுகை முன்னால் தள்ளும் ஒரு புடைப்பு வேண்டும், 1972-ல் வைத்த அந்தக் கட்டையை மறந்துவிடாதீர்கள். முழுச் சுமையோடும் கையுறையோடும் மாட்டக்கூடிய நீளத்தில் பெல்ட் வேண்டும். தோளையும் பிடிக்கும் பெல்ட்டாக இருக்க வேண்டும், வயிற்றை மட்டும் பிடிப்பது முன்னால் மடங்குவதற்கு வழி செய்துவிடும். இதில் நம்ப முடியாத தொழில்நுட்பம் எதுவும் இல்லை.

முதுகு உடைந்த பிறகு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். தண்டுவடம் ஏறக்குறைய முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு வரைதான் வருகிறது. மார்புப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் அந்த இடத்தில்தான் எலும்பும் அதிகம் உடைகிறது. கால் மட்டும் போகும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். சிறுநீர் தானாகப் போகாது, மலம் கட்டுப்பாட்டில் இருக்காது, உட்கார்ந்த இடத்தில் புண் வரும், அதை உணரவே முடியாது. என் நோயாளி இப்போது இரண்டு கைத்தடியோடு அறைக்குள் நடக்கிறார். அதற்கு நாலு வருடம் ஆகியிருக்கிறது.

படித்ததையெல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் படமாக வரைந்து அவருக்குக் காட்டினேன். குனிந்த முதுகு, நேரான முதுகு, சீட் இறங்கும் இடம். ரொம்ப நேரம் பார்த்தார். நான் பயந்துகொண்டே இருந்தேன், 'அப்ப தப்பு என்மேலதானா' என்று கேட்டுவிடுவாரோ என்று. அவர் தண்ணீர்ப்பையை வரைந்திருந்த இடத்தில் விரலை வைத்து, "இது முதுகுல இருந்தா எப்படிம்மா பின்னாடி சாயறது?" என்றார். "சாய முடியாதுண்ணே. அதான் விஷயமே" என்றேன்.

அப்புறம் கைபேசியை எடுத்து அந்தத் தாளைப் படம் பிடித்தார். அவருடைய அக்கா மகன் இப்போது படையில் இருக்கிறான், அவனுக்கு அனுப்பினார். குரல் செய்தியும் ஒன்று போட்டார், நான் பக்கத்தில்தான் இருந்தேன்: "டேய், வண்டில ஏறுனதும் பையக் கழட்டிக் கட்டி வை. முதுக ஒட்டி உட்காரு. பெல்ட் எட்டலேன்னா எட்டலேன்னு சொல்லு, சும்மா விட்டுறாத. சீட்டுக்கு அடில எதையும் தள்ளாத. அந்த எடம் காலியாத்தான் இருக்கணும்."